மாடி அறை ஒழுகல்: முதலில் பொறியாளர் அறிக்கை வாங்குங்கள்

வணக்கம். நாலரை லட்சம் கொடுத்துக் கட்டிய மாடி அறை முதல் மழைக்கே ஒழுகுகிறது, ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை என்கிறீர்கள். படிக்கவே மனம் கொதிக்கிறது.

பத்திரம் இல்லாததால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி வழியே பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுகள்தான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: வேறு ஆளை வைத்து இப்போதே ஒழுகலை அடைத்துவிடாதீர்கள். பூசி மறைத்த பிறகு குறையை எப்படிக் காட்டுவீர்கள்? தேதியோடு படம் எடுங்கள். தகுதி பெற்ற கட்டடப் பொறியாளரை அழைத்து, குறை எதனால் வந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பே அதுதான்.

பிறகு 15 நாள் கெடு வைத்து ஒப்பந்தக்காரருக்கு விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் அசையவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் அவகாசம். நோட்டீஸ் அனுப்பும் முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பாருங்கள்.