ஆர்த்தாங்க்: படம் போய்ச் சேர்கிறது, தேடினால் மட்டும் மறுக்கிறது

எக்கோ (இணைப்புச் சோதனை) பாஸ் ஆகிறது, சிடி மெஷினிலிருந்து படங்களும் வந்து சேர்கின்றன, ஆனால் படம் பார்க்கும் மென்பொருளான 3டி ஸ்லைசரிலிருந்து தேடினால் ஆர்த்தாங்க் (மருத்துவப் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர்) மறுக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் நெட்வொர்க்கை நோண்ட வேண்டாம். முன்பின் தெரியாத கருவி எக்கோவோ ஸ்டோரோ (படத்தைச் சேமிக்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் ஆர்த்தாங்க் இயல்பாகவே ஏற்கும்; தேடவோ எடுக்கவோ விடாது (நோயாளி விவரம் ஆயிற்றே, நியாயம்தான்).

கான்ஃபிக் கோப்பில் டைகாம்-மோடாலிட்டீஸ் (டைகாம் என்பது மருத்துவப் படங்களைப் பரிமாறும் தரநிலை) பகுதியில் ஸ்லைசர் இருக்கும் கணினியின் ஏஇ டைட்டில் (டைகாமில் அதற்கு வைத்த பெயர்), ஐபி, போர்ட் மூன்றையும் சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறமும் பட்டியல் மட்டும் வந்து படம் வரவில்லையா? சி-மூவில் (படத்தை அனுப்பச் சொல்லும் டைகாம் கோரிக்கை) ஆர்த்தாங்க் அதே இணைப்பில் படத்தைத் தராது, உங்கள் கணினிக்குத் தனியாக ஒரு இணைப்பைத் திறந்து அனுப்பும், அதனால் உங்கள் பக்கத்து ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஸ்லைசரில் 8042 கொடுத்திருந்தால் மாற்றுங்கள், அது உலாவிக்கு, டைகாமுக்கு 4242.