ஸ்காட்லாந்து முன்னோரின் வயது பதிவுக்குப் பதிவு மாறினால் எதை நம்புவது?

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 25, 1870 இறப்புப் பதிவில் 58. நான்கு ஆண்டு இடிக்கிறதே, இவர் ஒரே ஆள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக இருக்கலாம். 1841-இல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவதே விதி. 29 வயதுக்காரரும் 25 ஆகிவிடுவார். வயதை விட்டுவிட்டுத் தாயின் பெயரைப் பிடியுங்கள். 1855-இல் தொடங்கிய அரசுப் பதிவேட்டில் திருமணம், இறப்பு இரண்டிலுமே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைக் கேட்டு எழுதினார்கள். அக்கால இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாயின் பெயரே கிடையாது. அந்தப் பெயரும் முரண்பட்டால் திருமணப் பதிவுக்கே நான் முதலிடம் தருவேன், அங்கே விவரம் சொன்னவர் அவரே. இறப்புப் பதிவில் தகவல் தந்தவர் யாரென்று அவசியம் பாருங்கள். மருமகன் என்றிருந்தால், மாமனாரைப் பெற்றவளின் பெயர் அவருக்கு எந்த அளவுக்குத் தெரிந்திருக்கும்?