கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை: சட்ட மாணவர் கேள்வி–பதில்

கேள்வி: பி.ஏ., எல்.எல்.பி. நான்காம் ஆண்டுத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதுவரை 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்துள்ளேன். மீதியை இந்த விடுமுறையிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் முடித்துவிடலாமா? ஊரில் இருந்தால் வீண் என்கிறார்கள் தோழிகள்.
– மாணவி, கோத்தகிரி

பதில்: ஒரே மூச்சில் முடிக்க விதி இடம் தராது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம் வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்குப் பாக்கி எட்டு வாரம். இப்போது நான்கு, இடைவெளி விட்டு ஐந்தாம் ஆண்டில் நான்கு என்று பிரியுங்கள். இந்தக் கோடை எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதைக் கல்லூரியில் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்தத் தேதிக் குழப்பத்தால்தான்.

மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால அமர்வில் அவசர மனுக்கள் மட்டுமே வரும். அங்கே போய் வராந்தாவில் நிற்பதைவிட, ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் சேருங்கள். சிவில் நீதிமன்ற விடுமுறைத் தேதிகளை அறிவிப்புப் பலகையில் பார்த்து, அந்த நாட்களைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு ஒதுக்குங்கள். மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதை ஐந்தாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாண்டு செய்முறைத் தாளை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையைக் கவனித்து எழுதுவதற்கு 30 மதிப்பெண். கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் விவரம் கேட்பதை இரண்டு முறை உடனிருந்து பதிவு செய்ய 15. மனு தயாரித்துத் தாக்கல் செய்யும் முறையைப் பார்த்து எழுத 15. மாதிரி நீதிமன்றத்துக்கு 30, நேர்முகத் தேர்வுக்கு 10. இவற்றில் 60 மதிப்பெண் தாலுகா நீதிமன்றத்திலும் சீனியர் அலுவலகத்திலும்தான் கிடக்கிறது.

வழக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கண்ணில் பட்ட வழக்கில் உட்கார்ந்தால் ‘வாய்தா, வாய்தா’ என்றே டைரி நிரம்பும். முதல் நாளே குமாஸ்தாவிடம் கேட்டு, சாட்சி விசாரணைக் கட்டத்தில் நிற்கும் வழக்குகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்கென்றே உள்ள தனி அடையாள எண்) எழுதிவைத்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி தெரியும். போவதற்கு முந்தைய இரவே கேஸ் கட்டை வாங்கி, முதல் தகவல் அறிக்கையையும் சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலத்தையும் படித்துவிடுங்கள். படிக்காமல் போனால் குறுக்கு விசாரணை ஒன்றும் புரியாது.

டைரியில் ‘அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி) விசாரிக்கப்பட்டார்’ என்று எழுதினால் போதாது. மகஜர் சாட்சி, அதாவது போலீஸ் பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய குறிப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், கையெழுத்து தன்னுடையது என்கிறார். எங்கே வைத்துப் போட்டீர்கள் என்றதும் ‘ஸ்டேஷனில்’ என்கிறார். அந்தக் கேள்வி, பதில், அதனால் பொருளைக் கைப்பற்றியதாகச் சொல்லும் அரசுத் தரப்பு எங்கே ஆட்டம் காண்கிறது என்பது, மூன்றும் அன்றிரவே எழுதப்பட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் கேள்வியின் சொற்கள் மறந்துபோகும். நேர்முகத் தேர்வில் துருவுவது அதைத்தான்.

கட்சிக்காரர் பெயரை டைரியில் எழுதாதீர்கள். போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள்) விசாரணை மூடிய அறையில் நடப்பது, அதில் உட்காரக் கேட்காதீர்கள். உடை: வெள்ளைச் சட்டை, கறுப்பு அல்லது வெள்ளைக் கால்சட்டை, கறுப்பு டை, கோட்டு, ஷூ. கவுனும் கழுத்துப் பட்டையும் வழக்கறிஞர்களுக்கு மட்டும். சீசன் நெரிசலில் ஊட்டிக்குப் போகும் பஸ் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது, நீதிமன்றம் 10.30-க்குத் தொடங்கும் என்பதால் ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு நீலகிரி சார்ந்த தலைப்பு கிடைக்குமா?
– மாணவர், கூடலூர்

பதில்: உங்கள் ஊரைப் போலச் சட்டம் விளைந்த மண் குறைவு, தம்பி. கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம், 1969-ஐ எடுங்கள். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம (பரம்பரை உடைமை) நிலங்களை ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசின் கீழ் வரும் முறைக்கு, மாற்ற வந்த சட்டம் இது. 8, 9, 10 பிரிவுகள் பட்டா உரிமையைப் பேசுகின்றன. தோட்டக் குத்தகைகளைப் பேசும் 17-ஆம் பிரிவுதான் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் ‘செக்‌ஷன் 17 நிலம்’. 1972-இல் பால்மாடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, காடுகள் தொடர்பான பகுதியை மட்டும் ரத்து செய்தது. 1974-இல் சட்டம், நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்க வைத்த அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. அப்படிப் போன சட்டத்தை நீதிமன்றம் சோதிக்கலாமா என்ற சிக்கல் 2007 ஜனவரி 11 அன்று ஐ.ஆர்.கொயலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் முன் தீர்ந்தது: 24.4.1973-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்ற சோதனைக்கு உட்பட்டவை. அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் சட்டத்திலும் காடுதான் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 கோதவர்மன் வழக்கு ஆணையும் இந்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பியதே.

நாடு முழுக்கப் பாடமாகும் இந்தத் தீர்ப்புகளைக் கோட்பாட்டுப் பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். வழக்கின் சங்கதிகள் உள்ள பத்திகளை முதலில் படித்து, 17-ஆம் பிரிவு நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்று எந்தக் கட்டத்தில் என்ன நிற்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் வழக்கறிஞர்களிடமும் கேளுங்கள். ‘மலைவாழ் மக்களின் நில உரிமை’ என்று அகலமாக வைத்தால் நூறு பக்கத்திலும் முடியாது. ஒரே பிரிவு, ஒரே கிராமம் போதும்.

கேள்வி: வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம், வழக்கறிஞர் தொழிலுக்கான பார் தேர்வு ஆகியவற்றுக்கு இப்போதே என்ன செய்யலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: பதிவுக்குப் பொதுப் பிரிவில் ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125. இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்வி. குறிப்பெழுதாத பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டப் பிரதி) மட்டும் எடுத்துப்போகலாம். எனவே பேனா படாத ஒரு பிரதியைத் தனியே வாங்கிவையுங்கள். நீதிபதித் தேர்வு எண்ணம் இருந்தால், 2025 மே 20 தீர்ப்பின்படி அதற்கு முன் மூன்றாண்டு வழக்கறிஞர் பணி தேவை. அந்தக் கணக்கு, பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். ஆகவே ரிசல்ட் வந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.