டீஃப்ராக் போடலாமா, வேண்டாமா? – கணினி கேள்வி பதில்

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கோரல் டிராவைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். சர்வீஸ் பார்க்கும் தம்பி, "வாராவாரம் டீஃப்ராக் போடுங்கக்கா" என்கிறார். போட வேண்டுமா? எப்படிப் போடுவது?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. ஆறு பேர் கொண்ட குடும்பம் கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் போட்டால் எஸ்-2ல் இரண்டு பேர், எஸ்-5ல் ஒருவர், எஸ்-9ல் மூன்று பேர் என்று சீட் விழுமே, டிஸ்க்கிலும் அதுதான் நடக்கிறது. தொடர்ச்சியாக இடம் இல்லாவிட்டால் விண்டோஸ் கோப்பைத் துண்டு போட்டு, கிடைத்த சந்துகளில் செருகிவிடும். எல்லோரையும் ஒரே பெட்டிக்குக் கூட்டி வருவதுதான் டீஃப்ராக்.

இதனால் எவ்வளவு நேரம் போகிறது? உங்கள் டிஸ்க்கில் தட்டு ஒன்று சுழல்கிறது. டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று. படிக்கும் முள் சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 9 மில்லி செகண்ட், வேண்டிய இடம் சுழன்று கீழே வர சராசரியாக இன்னொரு 4. ஒரு துண்டுக்கு 13 மில்லி செகண்ட் பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஆயிரம் துண்டாகக் கிடக்கும் கோப்பு என்றால், படிக்கும் நேரம் தவிர, முள் அலைவதற்கே 13 செகண்ட்.

இனி எப்படி என்று பார்ப்போம். ஸ்டார்ட் அழுத்தி ‘டீஃப்ராக்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தாலே ‘டீஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ வரும். ‘மீடியா டைப்’ என்ற பத்தியில் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்று இருக்கிறதா பாருங்கள். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘அனலைஸ்’ கொடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் சிதறல் என்று காட்டினால் ‘ஆப்டிமைஸ்’. அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். 3 சதவீதத்தை 0 ஆக்கி ஒரு லாபமும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இதை நீங்கள் தொடவே தேவையில்லை. விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸ் வாரத்துக்கு ஒருமுறை தானே செய்துகொள்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகி, சும்மா இருக்கும்போதுதான் செய்யும். நம் ஊர்க் கடைகளில் அது எப்போது சும்மா இருக்கிறது? பகல் முழுக்க பட்டா, வாரிசுச் சான்றிதழ் என்று ஓடுகிறது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சும் ஆஃப். பிறகு எந்த நேரத்தில் அது வேலை பார்க்கும்? அதே ஜன்னலில் கடைசியாக ஓடிய தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பழையதாக இருந்தால் காரணம் இதுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், போதும். நடுவில் கரண்ட் போனால் கோப்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழைய இடத்தை விண்டோஸ் விடும். ஆனாலும் யூபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள், திடீரென்று மின்சாரம் நிற்பது டிஸ்க்குக்கே ஆகாது.

அதற்கு முன் ஒரு துப்புரவு வேலை. ‘பேக்கப் ஆஃப்’ என்று ஆரம்பிக்கும் பெயர்களில் கோரல் டிரா ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு நகல் வைக்கும். கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் பேனர் என்று வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். வேலை முடிந்தவற்றின் நகல்களை அழியுங்கள். சி டிரைவின் பட்டை சிவப்பாக இருக்கும்வரை எத்தனை முறை டீஃப்ராக் போட்டாலும் மறுநாளே சிதறும், சேர்த்து வைக்க இடம் வேண்டாமா?

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்: ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பாமினியில் தொடங்கி வானவில் வரை யார் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்ததெல்லாம் உள்ளே கிடக்கும். கோரல் டிரா திறக்கும்போது அத்தனையையும் பட்டியல் எடுக்கிறது. நீங்கள் நிஜமாகவே பயன்படுத்துவது இருபது, முப்பது இருக்குமா? மற்றதை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு அங்கிருந்து நீக்குங்கள். டீஃப்ராக்கைவிட இதில் வித்தியாசம் அதிகம் தெரியும் என்பது என் கணிப்பு. கையில் காசு புரளும்போது ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவ்) வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றி, பழைய டிஸ்க்கை டிசைன் கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளின் புது லேப்டாப்பில் எஸ்எஸ்டி. இணையத்தில் ஓர் இலவச டீஃப்ராக் மென்பொருள் ‘மூன்று மடங்கு வேகம்’ என்கிறது. போடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. துண்டு எங்கே கிடந்தாலும் எடுக்க ஒரே நேரம், அதுவும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குதான். தகவலைச் சேமிக்கும் ஒவ்வொரு செல்லிலும் இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு உண்டு. டீஃப்ராக் போடுவது அந்த ஆயுளைச் சும்மா கரைப்பது. விண்டோஸின் சொந்த ‘ஆப்டிமைஸ்’ பொத்தானை அழுத்தினால் தப்பில்லை. அது எஸ்எஸ்டி என்று தெரிந்துகொண்டு ‘டிரிம்’ மட்டும் அனுப்பும், அதாவது அழித்த கோப்புகளின் இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும். சில நொடிகளில் முடிந்துவிடும். மூன்று மடங்கு வேகம் தருவதாகச் சொல்லும் எதையும் மகளின் லேப்டாப்பில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 98ல் கலர் கலராகக் கட்டங்கள் நகருமே, அது ஏன் இப்போது இல்லை?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: எக்ஸ்பியில் கட்டங்கள் போய் வண்ணப் பட்டை வந்தது, விஸ்டாவில் அதையும் எடுத்துவிட்டார்கள் சார். பின்னணியில் தானே நடக்கிற வேலைக்குப் படம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். 98 சதவீதம் வந்த பிறகு ஸ்கிரீன் சேவர் ஓடி, ‘டிரைவில் ஏதோ மாறிவிட்டது, மறுபடி தொடங்குகிறேன்’ என்று அது முதலிலிருந்து ஆரம்பிக்குமே, அதையும் சேர்த்துத்தான் தேடுகிறீர்களா?

கேள்வி: வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்கள் உள்ள 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் மெதுவாகிவிட்டது. நேற்று ராத்திரி டீஃப்ராக் போட்டேன், காலையிலும் 10 சதவீதத்திலேயே நிற்கிறது. ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வேறு.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இதைப் படித்ததும் ‘ஸ்டாப்’ அழுத்துங்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் முள் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை டீஃப்ராக் போட்டால் அதிலுள்ளதை எல்லாம் படித்து, மறுபடி எழுதச் சொல்கிறீர்கள். அதற்கு இதைவிடக் கொடுமை இல்லை. பிழைகளைத் தேடித் திருத்தும் செக் டிஸ்க்கும் இப்போது வேண்டாம்.

முதலில் நகல். இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்கள் முதலில், எடிட் முடிந்து கொடுத்துவிட்டவை கடைசியில். ஒரு ஃபோல்டர் முரண்டு பிடித்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க் கணினியில் தெரியவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் உடனே கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் டேட்டா ரெகவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும்.

நகல் எடுத்த பிறகு ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தாலோ, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள்) வரிசையில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம், அந்த டிஸ்க்கைக் கடை வேலைக்கு வைக்காதீர்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் உங்கள் தொழிலுக்கு டீஃப்ராக்கால் பெரிய பயன் இல்லை. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் சாதாரணமாகச் சேர்க்கவே சேர்க்காது. பல ஜிபி வீடியோவைத் தொடர்ச்சியாக ஓட்டும்போது நடுநடுவே முள் ஒருமுறை தாவுவது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை.