அப்பாவின் திதி ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வருகிறதே, புரோகிதர் தவறாகச் சொல்கிறாரா?

இல்லை, அவர் சரியாகத்தான் சொல்கிறார். திதி என்பது நிலவைப் பார்த்துக் கணக்கிடும் நாள். தலைத்திவசம், அதாவது முதல் வருடத் திதி முடிந்து, அடுத்த வருடத்துக்கு விடுப்பு எழுதும்போது உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். என் விடுப்பிலும் அது வந்தது. ஆனால் சந்தேகப்பட்டது நான் அல்ல, என் மேலாளர்.

என் அப்பா போனது ஐப்பசித் தேய்பிறை திரயோதசியில், அதாவது தேய்பிறையின் பதின்மூன்றாம் திதியில். தீபாவளிக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போக எல்லோரும் விடுப்புக் கேட்கும் நாள் அது. 2014இல் அக்டோபர் 21 அன்று விடுப்பு எடுத்தேன். மறு வருடம் நவம்பர் 9க்கு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா வருடத்துக்கு ஒரு தேதியில் இறப்பாரா?" என்று கேட்டார். அறையில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்து மேசைப் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் பெருநாளும் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும் சார்" என்றார். விடுப்பு கிடைக்கவில்லை. அந்த வருடம் திதி கொடுத்தது தம்பிதான்.

மேலாளரிடம் அன்று சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். அமாவாசைக்கு அமாவாசை சுமார் இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான் ஆகிறது. சூரியக் கணக்கில் வருடத்துக்கு 365. ஆக, திதி ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னால் நகரும். ஆனால் நம் தமிழ் மாதம் சூரியனுடையது. சூரியன் துலா ராசியில் இருக்கும்வரைதான் ஐப்பசி. 2014 அக்டோபர் 21இலிருந்து பதினொரு நாள் முன்னால் வந்தால் மறு வருடம் அக்டோபர் 10. அது புரட்டாசி. அப்பா போனது ஐப்பசியில் அல்லவா? அதனால் அடுத்த தேய்பிறைக்குக் காத்திருக்க வேண்டும். பத்தொன்பது நாள் தள்ளி நவம்பர் 9 வந்தது அப்படித்தான். தெலுங்குக்காரர்கள் இதே இடைவெளியை இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிக மாதம் என்று கூடுதலாக ஒரு மாதத்தைச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள். இஸ்லாமியர்கள் எதையும் சேர்ப்பதில்லை. அதனால் ரம்ஜான் ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடுகிறது. தீபாவளியே 2014இல் அக்டோபர் 22, 2015இல் நவம்பர் 10. அதற்கு மட்டும் யாரும் பதிவேட்டைப் புரட்டுவதில்லை.

உடனே சிலர் மூடநம்பிக்கை என்று வருவார்கள். நான் ராகுகாலம் பார்க்கச் சொல்லவில்லை ஐயா, நிலவு எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். பஞ்சாங்கக் கணக்கு முறைகள் இரண்டில் வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்பவர்கள், உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதையே பாருங்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

இன்னொன்று. நாட்காட்டி அச்சடிப்பவர்கள் திதியை எறும்பு அளவுக்கு அச்சடித்துவிட்டு, நகைக்கடை விளம்பரத்தை முக்கால் தாளுக்குப் போடுகிறார்கள். என் அம்மா பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கிறார்.

பத்தொன்பது வருடத்தில் 235 நிலவு மாதங்கள் ஏறக்குறைய மிச்சமில்லாமல் அடங்கிவிடும். அதனால் 2033இல் அப்பாவின் திதி பழையபடி அக்டோபர் 21ஐ ஒட்டி வரும். பதிவேட்டில் அதைக் காட்ட ஆசைதான். மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார்.