ஏசி இல்லாத மாடி அறைக்குச் சத்தம் போடாத சிபியு கூலர் எது?

மன்னார்குடியில் மாடி அறை, ஏசி கிடையாது, கம்ப்யூட்டரில் ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங், தண்ணீர் ஓடும் கூலிங் பயமாக இருக்கிறது, நல்ல ஏர் கூலராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணம். அதே பிராசஸர், அதே வேலை, ஏறக்குறைய அதே வெயில். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், கடையில் போய் ‘ஏர் கூலர்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். சக்கரம் வைத்த பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து “எத்தனை லிட்டர் வேணும் சார்?” என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டர் பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் ‘சிபியு கூலர்’ என்று கேளுங்கள்.

நேரடிப் பதில்: தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ. உங்களுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு தகட்டுக் கோபுரம், ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன். கையில் காசு இருந்தால் நாக்டுவா என்.எச்.-டி15. அந்தத் தவிட்டு நிற ஃபேனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், முழு வேகத்திலேயே நிமிடத்துக்கு 1500 சுற்றுதான். ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும், கிடைக்கும் வித்தியாசம் அந்த அளவுக்கு இருக்காது. நான் முதலாவதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு பெரிதாக வேண்டும்? ஹீட் பைப் என்பது இட்லிப் பானை மாதிரிதான். மூடிய செப்புக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம். பிராசஸர் பக்கம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய், இட்லிப் பானை மூடியில் படிவது போல மறுபடி நீராகித் திரும்பி வரும். அது கொண்டுவரும் சூட்டை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ளும், ஃபேன் காற்று எடுத்துப் போகும். தகடுகளின் பரப்பு கூடக் கூட ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். சத்தம் குறைவது அங்கேதான். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், அது காதுக்கு மிகப் பெரிய வித்தியாசம். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்களை வைத்து ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி அளக்கிறார்கள்.

முதலில் நானும் சிக்கனம் பார்த்து ஒற்றை ஃபேன் வைத்த சின்னக் கூலர் ஒன்றைத்தான் மாட்டினேன். பெயர் வேண்டாம். தெரிந்த அக்கா ஒருவர் பாட வந்தார், 4 கட்டை சுருதி. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்க ஆலாபனை. ஃபேன் முனகல் தம்புராவோடு ஒட்டிக்கொண்டு போனதால் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் பின்னால் ஏதோ அப்டேட் ஓடியது, ஃபேன் வேகம் ஏறியது, ஹெட்ஃபோனில் சுருதி விலகியது போல ஒரு உறுத்தல். அக்கா பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழு இறக்கை ஃபேன் 1500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 175 முறை இறக்கை கடக்கிறது. 175 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 4 கட்டை! 1600க்குப் போனால் 187, அதாவது நாலரைக் கட்டை. எங்கள் கம்ப்யூட்டர் அரைக்கட்டை ஏற்றிப் பாடியிருக்கிறது.

இதில் நான் கற்றது, சத்தத்தைவிட ஏறி இறங்கும் சத்தம்தான் தொல்லை. 7700எக்ஸ் ஒரு சின்ன வேலை வந்தாலும் சட்டென்று சூடேறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்தக்கூடாது. பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரையில், ஃபேன் கர்வ் என்று இருக்கும். எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று அதில் வைக்கலாம். 75 டிகிரி வரை 700, 800 சுற்றிலேயே சமமாக வைத்து, அதற்கு மேல் மெதுவாக ஏற விடுங்கள். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் வைக்கும் வசதியும் பல போர்டுகளில் உண்டு. 85ஐப் பார்த்துப் பதறாதீர்கள், இந்தப் பிராசஸர் 95 டிகிரி வரை ஓடும்படியே செய்யப்பட்டது.

அப்புறம் ஈகோ மோட், பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் செட்டிங். கூலருக்குச் செலவு செய்யும் முன்பே இதைச் செய்து பாருங்கள். அதில் ‘65 வாட்’ என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு 142 வாட்டிலிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். ரெக்கார்டிங்கில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் கொஞ்சம் தாமதம், டீ குடித்துவிட்டு வரலாம்.

யூடியூப் ரிவியூ பார்க்கும்போது அவர்கள் அறை எத்தனை டிகிரி என்று கவனியுங்கள். பெரும்பாலும் 20, 25தான். இந்த வகை எந்தக் கூலரும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அங்கே 24 டிகிரி அறையில் 70 காட்டினால், அக்னி நட்சத்திரத்தில் நம் 37 டிகிரி மாடி அறையில் அதே வேகத்துக்கு 83ஐ எதிர்பாருங்கள். கூலரில் கோளாறு இல்லை.

வாங்குமுன் கேபினட்டில் எவ்வளவு உயரம் அனுமதி என்று பாருங்கள். நான் சொன்னது 155 மி.மீ., டி15 என்றால் 165. உயரமான ராம் (மெமரி அட்டை) இருந்தால் முன் ஃபேனைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டி வரும், அந்த உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து மூடிய கேபினட் என்றால், எந்தக் கூலர் போட்டாலும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

தூசி நம் ஊர்ப் பிரச்சினை. தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் இறங்கி, ரோட்டில் நெல் காயப் போட்டுவிட்டால், தகடுகளுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூளும் பஞ்சு மாதிரி அடைத்துவிடும். அறுவடை முடிந்ததும் ஒருமுறை பிரஷ், புளோயர் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்ற விடக்கூடாது.

மாட்டும்போது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், மறப்பவர்கள் நிறைய. திருச்சியில் அசெம்பிள் செய்து எடுத்து வருவதாக இருந்தால் கூலரைத் தனியாகக் கொண்டுவந்து வீட்டில் மாட்டச் சொல்வேன், இந்தக் கனம் மதர்போர்டில் தொங்கிக்கொண்டு வரும். நான் அப்படியே மாட்டி எடுத்து வந்தேன். கேபினட்டைப் படுக்க வைத்து, தஞ்சாவூர் தாண்டும் வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.