72 மணி நேரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புலம்பெயர் தொழிலாளர்கள், அகதிகள் மீதான பாலியல் வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவும் கருத வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது குற்றத்தின் கடுமையைக் குறைப்பதாக எனக்குப் படுகிறது. காவல் துறை செய்ய வேண்டியதைச் சுகாதாரத் துறையிடம் தள்ளிவிடுவது எப்படிச் சரியாகும்? வடசென்னை எர்ணாவூரில் சில அறைகளை ஒடிசா, பீகார் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அங்கே இப்படி ஒன்று நடந்தால் நான் என்ன செய்ய முடியும்?

வாசகர், எர்ணாவூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குற்றத்தின் கடுமையில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நான் பேசியது எது முதலில் என்பதைப் பற்றி. காவல் நிலையத்துக்குப் போய் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது; ஆகவே போலீசுக்கு அஞ்சுகிற பெண் மருத்துவத்தையும் சேர்த்தே இழக்கிறாள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு என்றாலும், தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயங்களுக்கான சிகிச்சை, பின்னால் வரும் தூக்கமின்மைக்கும் திகிலுக்குமான மனநல உதவி என்று இன்னும் பல இருக்கின்றன. புகாரை அடுத்த மாதம்கூடக் கொடுக்கலாம், மருந்து அதுவரை காத்திருக்காது.

அச்சம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது பல மடங்கு. மணலியிலோ எண்ணூரிலோ வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கூலி, தங்குமிடம், ஊருக்குத் திரும்பும் பயணம் ஆகிய எல்லாமே ஒரே மேஸ்திரியின் கையில் இருக்கக்கூடும்; செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குடும்பமோ கடன் தீராமல் நகரவே முடியாது. அகதி என்றதும் எங்கோ தொலைதூரத்து எல்லைகளை நினைக்கிறோம், இலங்கைத் தமிழர் முகாம் நமது புழலிலேயே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கே இல்லை. ஆகவே இங்கே தங்கியிருப்பதே அதிகாரிகளின் தயவைப் பொறுத்தது என்று எண்ணும் ஒருவர், அதே அதிகாரத்தின் முன் நின்று புகார் சொல்லத் துணிவது கடினம். ஆண்களும் சிறுவர்களும் இதில் அடக்கம். அவர்கள் இன்னும் அதிகமாக மௌனம் காக்கிறார்கள்.

வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனத்தின் முடிவெடுக்கும் அவையான உலக சுகாதாரப் பேரவை 1996இலேயே தீர்மானம் இயற்றியது. குற்றம் நடந்த பின் யார் செய்தது என்று தேடுவது காவல் துறையின் பணி என்றால், எந்தச் சூழலில் அது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று கேட்பது பொதுச் சுகாதாரத்தின் பணி. தாழ்ப்பாள் இல்லாத தகரக் கொட்டகை, இருட்டில் நடந்துபோய்ச் சேர வேண்டிய கழிப்பறை, இரவுப் பணி முடிந்து தனியே திரும்பும் சாலை ஆகியவை எந்த முதல் தகவல் அறிக்கையிலும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்படுவதில்லை. வடமாநிலத்தவரைக் குற்றம் செய்பவர்களாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு, அவர்கள்மீது நடப்பது கண்ணில் படுவதே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முதலில் ஸ்டான்லிக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் தரும். புகார் கொடுக்க விருப்பமில்லை என்று வயதுவந்த பெண் சொன்னால் அதைப் பதிவு செய்ய வேண்டுமே தவிர, சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பாதிக்கப்பட்டது பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். பரிசோதனைக்கு முன் குளிக்காமலும் உடைகளைத் துவைக்காமலும் இருப்பது நல்லது, ஆனால் குளித்துவிட்டார் என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது.

மொழிபெயர்த்துச் சொல்ல மேஸ்திரியைக் கூட்டிப் போகாதீர்கள், கணவரைக்கூட அவள் விரும்பினால் மட்டுமே. அவள் நம்பும், அவளுடைய மொழி பேசும் இன்னொரு பெண் போதும். உங்கள் அறைகளில் அப்படி யார் இருக்கிறார் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.